தமிழ்தான் உலகிலேயே சிக்கலான மொழியா? மொழிகளின் சிக்கலை எப்படி அளந்து ஒப்பிடுகிறார்கள்?

ஒரு மொழிக்கு ஒட்டுமொத்தமாக ஒரே மதிப்பெண் போடும் அளவுகோல் எதுவும் கிடையாது. ஒலி, சொல்லமைப்பு, தொடரமைப்பு என்று தனித்தனியாகத்தான் அளக்க முடியும். அவற்றைக் கூட்டி முதலிடம், இரண்டாமிடம் கொடுக்க வழியில்லை. ஒரு வேற்றுமை உருபு எத்தனை மெய்யொலிக்குச் சமம் என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா?

கற்கக் கடினமாக இருப்பது வேறு, சிக்கலாக இருப்பது வேறு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்க ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி நேரமும், ஜப்பானிய மொழிக்கு 2,200 மணி நேரமும் கணக்கிடுகிறது. இது ஆங்கிலம் பேசுபவருக்கான கணக்கு. ஒரு மலையாளி தமிழ் கற்க அதில் சிறு பங்குகூட ஆகாது. மொழி அதேதான், கற்பவர்தான் வேறு. அளக்கப்போவது மொழியை என்றால் இந்த எண்களை ஓரமாக வைத்துவிட வேண்டும்.

சொல்லமைப்பை எண்ணிக்கையாக மாற்றிய பழைய முயற்சிகளில் முக்கியமானது மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1960-இல் வெளியிட்டது. 100 சொற்கள் கொண்ட ஒரு பகுதியில் எத்தனை உருபன்கள் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறுகள்) என்று எண்ணிச் சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தார். வியட்நாமிய மொழிக்கு 1.06, ஆங்கிலத்துக்கு 1.68, சமஸ்கிருதத்துக்கு 2.59, எஸ்கிமோ மொழிக்கு 3.72 வந்தது. பார்க்க எளிது, செய்து பார்த்தால்தான் தெரியும். "அவன் நேற்று வீட்டுக்கு வந்தான்" என்ற தொடரை எடுங்கள். அவன் 1, நேற்று 1, வீடு+கு 2, வந்+த்+ஆன் 3. ஆக 7 உருபன், 4 சொல், விகிதம் 1.75. இவன், எவன் என்றும் வருவதால் அவன் என்பதை அ+அன் எனப் பிரிக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் 2.0. பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணப்படி வா+த்(ந்)+த்+ஆன் என்று சந்தியையும் ஓர் உறுப்பாக எண்ணினால் 2.25. சந்திக்குப் பொருள் இல்லை என்பதால் அதை உருபனாக எண்ணக் கூடாது என்பது என் கருத்து. அது எப்படியானாலும், எங்கே வெட்டுவது என்ற விதியை முதலிலேயே எழுதிவைத்து எல்லா மொழிக்கும் அதையே பின்பற்றாவிட்டால் ஒப்பீடு செல்லாது.

விகுதிகளை எண்ணுவது மட்டும் போதாது. தமிழுக்கு எட்டு வேற்றுமை, லத்தீனுக்கு ஆறு, ஆகவே தமிழ்தான் சிக்கல் என்று சிலர் எழுதுகிறார்கள். லத்தீனில் உடைமை வேற்றுமை (நம் ஆறாம் வேற்றுமை) ஒருமைக்கு மட்டும் பெயர்ச்சொல் வகையைப் பொறுத்து ஐந்து விதமான விகுதிகள் உண்டு. தமிழில் 'ஐ', 'ஆல்', 'கு' மூன்றையும் ஒருமுறை கற்றால் எந்தப் பெயரோடும் சேர்க்கலாம். தமிழின் உண்மையான சிக்கல் இறந்தகாலத்தில் இருக்கிறது. ஓடு, போடு இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன; எதிர்காலமும் ஓடுவான், போடுவான் என்று ஒரே மாதிரிதான். ஆனால் இறந்தகாலம் ஓடினான், போட்டான். ஒரு வடிவம் தெரிந்தால் இன்னொன்றை எவ்வளவு உறுதியாக ஊகிக்கலாம் என்பதை நிச்சயமின்மையை அளக்கும் என்ட்ரோபி கணக்கால் பிட்டுகளில் அளக்கிறார்கள். ஒரு பிட் என்பது ஆம், இல்லை என்று பதில் வரும் ஒரு கேள்வியின் அளவு. மொழியியலாளர்கள் ஆக்கர்மன், மலூஃப் இருவரும் 2013-இல் பத்து மொழிகளில் இதை அளந்தபோது, விகுதிகள் மலைபோல் குவிந்த மொழிகளில்கூட சராசரி நிச்சயமின்மை பெரும்பாலும் ஒரு பிட்டுக்கும் குறைவாகவே இருந்தது.

கையால் எண்ணாமல் கணினியிலேயே அளக்க விரும்பினால், கோப்பைச் சுருக்கிப் பார்க்கும் முறை இருக்கிறது. ஒரே நூலின் மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்கு சுவிசேஷம் இதற்கு அடிக்கடி பயன்படுகிறது. முதலில் அப்படியே சுருக்கி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்துகளில் 10 விழுக்காட்டைக் கண்டபடி நீக்கிவிட்டு மறுபடி சுருக்குங்கள். சொல்வடிவங்கள் ஏற்கெனவே ஏராளமாக உள்ள மொழியில் இந்தச் சிதைவு கோப்பைப் பெரிதாகப் பாதிக்காது. குறைவாக உள்ள மொழியில் திடீரென்று புதுப்புது வடிவங்கள் முளைப்பதால் சுருக்கம் கெடும். அடுத்து எழுத்துகளுக்குப் பதில் சொற்களில் 10 விழுக்காட்டை நீக்கினால் சொல்வரிசை எவ்வளவு இறுக்கமானது என்று தெரியும். நீக்குவது தற்செயல் என்பதால் பல நூறு முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

தமிழில் இதைச் செய்யும்போது தவறு நேரும் இடங்கள் பல. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். கோப்பைச் சுருக்கும் ஜிஜிப் மென்பொருள், முன்பு வந்ததே மறுபடி வருகிறதா என்று பின்னோக்கிப் பார்ப்பது 32 கிலோபைட் தூரம்தான். ஆக ஆங்கிலத்தில் 32,000 எழுத்துக்கு மேல் பார்ப்பது, தமிழில் 11,000 குறிகூடப் பார்க்காது. கோப்பு பெரிதாக இருப்பதைப் பார்த்துத் தமிழ் சிக்கல் என்று முடிவு கட்டுவது இங்கேதான். குறிக்கு ஒரு பைட் என்று மாற்றிவிடுங்கள். இன்னொன்று, 'க' என்று எழுதினால் அதிலுள்ள 'அ' கண்ணுக்குத் தெரியாது, நீக்கவும் முடியாது. அதனால் முதலில் எல்லாவற்றையும் மெய்+உயிர் என்று உடைத்துக்கொள்வது நல்லது. 'கொ' இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம் என்பதால் அவற்றை ஒரே வடிவாக்கும் என்எஃப்சி ஒழுங்குபடுத்தலும் தேவை.

வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று எண்ணுபவர்களுக்கு ஒற்று பெரிய தலைவலி. வீட்டை, வீட்டைக், வீட்டைச், வீட்டைத், வீட்டைப் ஐந்தும் கணினிக்கு ஐந்து சொற்கள். கடைசி ஒற்றை வெட்டலாம், ஆனால் அடுத்த சொல் அதே மெய்யில் தொடங்கினால் மட்டும். இல்லாவிட்டால் 'கிளப்' போன்ற சொற்களும் மாட்டிக்கொள்ளும். 'வந்து கொண்டிருக்கிறான்' என்று இடம்விட்டு எழுதுவதா, சேர்த்து எழுதுவதா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வெவ்வேறு தமிழ் மொழிபெயர்ப்புகளை ஓட்டிப் பாருங்கள். அவற்றுக்கிடையே வரும் வித்தியாசத்தைவிடத் தமிழுக்கும் இன்னொரு மொழிக்கும் இடையிலான வித்தியாசம் சிறிதாக இருந்தால் அதை நம்பாதீர்கள். பேச்சுத் தமிழுக்கு இப்படிப்பட்ட நூலே அரிது, ஆகவே அளக்கப்படுவது எப்போதும் எழுத்துத் தமிழ்தான்.

எல்லா மொழியும் சமச் சிக்கலானவை என்ற பழைய கருத்துக்கு ஓரளவு ஆதரவு பேச்சு வேகத்தில் கிடைத்தது. 2019-இல் 17 மொழிகளில் 170 பேரை வாசிக்கவைத்து அளந்தார்கள். ஒரு நொடிக்குச் சொல்லும் அசைகள் மொழிக்கு மொழி மிகவும் மாறினாலும், தகவல் வேகம் சராசரியாக 39 பிட்டைச் சுற்றியே நின்றது. ஆனால் இலக்கணமும் சமம் என்று இது நிரூபிக்கவில்லை. இந்த 17-இல் தமிழும் இல்லை.

பேசுவோர் பெருகினால் இலக்கணம் எளிதாகுமா? 2010-இல் ஆய்வாளர்கள் லூப்யன், டேல் இருவரும் 2,236 மொழிகளைக் கொண்டு ஆம் என்றார்கள். 2023-இல் உலக மொழிகளின் இலக்கணப் பண்புகளைத் தொகுத்த கிராம்பேங்க் தரவை வைத்து, மொழிக்குடும்ப உறவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு ஏறக்குறையக் கரைந்துவிட்டது. நீங்களே ஒப்பீடு செய்தாலும் இதே கண்ணி உண்டு: தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கையும் நான்கு தனிச் சான்றுகளாக எண்ணினால், ஒரே மூதாதையிடமிருந்து வந்த பண்பை நான்கு முறை எண்ணியதாகிவிடும்.