கண்ணாடி எழும்போது

அன்புள்ள ஐயா,

கும்பகோணம் பக்கம் ஒரு சிற்றூரில் கல்யாணப் படம் எடுப்பவன் நான். 2016 முதல் நிக்கான் டி750 என்ற டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருக்கிறேன். கூடவே ஒரு 24-120, பழைய ‘டி’ வகை 50, 85 லென்ஸ்கள். உடன் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத, திரையைப் பார்த்து எடுக்கிற மிரர்லெஸ் கேமராவுக்குப் போய்விட்டார்கள். பெண் வீட்டார் அட்வான்ஸ் தரும்போதே “மிரர்லெஸ்தானே அண்ணா?” என்கிறார்கள். 85இல் எடுத்தால் பெண்ணின் கண் மங்கி, ஜிமிக்கி பளிச்சென்று விழுகிறது. செகண்ட் ஹேண்டில் நிக்கானின் மிரர்லெஸ் ஒன்று, இசட்6-இரண்டு, வருகிறது. மனைவி நகையை வைத்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். ஆனால் கேமராவுக்குள் கண்ணாடி எழுந்து விழும் சத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, மாறுவதே துரோகம் போலத் தோன்றுகிறது. மாறலாமா? நிக்கானா, சோனியா? சோனியில் தோல் மஞ்சளடிக்கும் என்பது உண்மையா? திரையைப் பார்த்து எடுத்தால் படத்தில் உயிர் இருக்குமா? லைட் பிடிக்க அக்கா மகன் வருகிறான், பன்னிரண்டாவது படிக்கிறான். அவன் என்னைக் கிழவன் என்று கேலி செய்கிறான்.

தங்கள் வாசகன்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் வேண்டாம் என்றீர்கள், எடுத்துவிட்டேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதியது ஒரு மழைநாளில், வேறு வேலை ஓடாதபோது. எனக்குப் படம் எடுப்பது சோறு போடவில்லை. என் கேமரா பாதி வருடம் பீரோவில் துணிகளுக்கு நடுவே கிடக்கிறது. அப்படிப்பட்டவன் உருகி எழுதிய நாலு வரியைப் படித்துவிட்டு, இரண்டு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிற ஆள் முடிவெடுப்பதா? எனக்கு வரும் வாசகர் கடிதங்களில் பாதி இந்த மாதிரிதான். எழுத்தாளன் மாட்டு வண்டியைப் பற்றி எழுதினால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவீர்களா?

இரண்டாவது திட்டு ஜிமிக்கிக்கு. கண் மங்கி ஜிமிக்கி தெளிவாக விழுந்தால் கேமரா பழசாகிவிட்டது என்று அர்த்தமில்லை. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனியாக அடியில் உட்கார்ந்திருக்கிறது, படம் விழும் சென்சார் வேறு. இரண்டுக்கும் நடுவே மயிரிழை கணக்குத் தப்பினால் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழும். 85இன் துளையை 1.8 வரை அகலமாகத் திறந்து வைத்தால் அந்த மயிரிழைதான் கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தூரம். டி750இன் மெனுவில் இந்தத் தப்பைச் சரிசெய்ய ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்று ஒன்று இருக்கிறது. கழித்தல் 20 முதல் கூட்டல் 20 வரை தள்ளலாம். மேஜைமேல் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, எந்தக் கோடு தெளிவாக விழுகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை. இத்தனை வருடத்தில் அந்த மெனுவை ஒருமுறையாவது திறந்திருப்பீர்களா? மிரர்லெஸ்ஸில் இந்தத் தொல்லை கிடையாது என்பது வாஸ்தவம்தான். படம் விழும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இருக்கிற கேமராவைச் சரிசெய்யாமல் நகையை அடகுக்கடைக்கு எடுத்துப் போகிறவரை என்ன சொல்வது.

நிக்கானா சோனியா என்பதற்கும் தோல் நிறத்துக்கும் பதில் சொல்லப் போவதில்லை. டீக்கடையில் கேளுங்கள், நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டு சொல்வார்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியது தப்பு என்று இப்போது படுகிறது.

எஸ்எல்ஆர் கேமராவுக்குள் சாய்வாக நிற்கிற கண்ணாடிதான் லென்ஸ் வழியாக வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி எழுந்து வழி விட வேண்டும், அப்போதுதான் ஒளி பின்னே போய்ப் படமாகும். அந்த நேரத்தில் நமக்கு இருட்டு. 1954இல் அசாஹி கம்பெனி ஜப்பானில் ஒரு கேமரா கொண்டுவந்தது, அதில் கண்ணாடி தானே உடனே கீழே விழுந்துவிடும். அதற்கு முன் பெரும்பாலான எஸ்எல்ஆர்களில் படம் எடுத்த பிறகு அடுத்த ஃபிரேமுக்குச் சுற்றும் வரைக்கும் குருடுதான். பிற்பாடு அந்த இருட்டு கண் சிமிட்டும் நேரமாகச் சுருங்கியது, இல்லாமல் போகவில்லை. ஆக, எஸ்எல்ஆரில் எந்தக் கணம் படமாகிறதோ அந்தக் கணத்தை எடுத்தவன் பார்ப்பதில்லை. முன்னே பார்க்கிறான், பின்னே பார்க்கிறான், நடுவே இருப்பதைப் படம் கழுவி வந்த பிறகுதான் பார்க்கிறான்.

இதை நான் ஒரு தத்துவமாக்கி, கண்ணாடி விழும் சத்தம் ஏதோ மணியோசை என்கிற மாதிரி எழுதிவிட்டேன். மாமா படித்திருந்தால் சிரித்திருப்பார்.

மன்னார்குடியில் மாமாவுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான். அவர் வைத்திருந்தது யாஷிகா மேட். இரண்டு லென்ஸ், ஒன்றின் மேல் ஒன்று. மேலே உள்ளது பார்க்க, கீழே உள்ளது எடுக்க. அதிலும் ஒரு கண்ணாடி உண்டு, ஆனால் அது அசையாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அவர் மணமக்களைக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். பிம்பம் இடம் வலம் மாறித் தெரியும், மாப்பிள்ளை இடப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் வலப்பக்கம் போவார். மாமாவுக்கு அது பழகிப்போய்விட்டது. பட்டனை அழுத்தும் நேரத்திலும் பிம்பம் அப்படியே இருக்கும். தாலி ஏறும்போது, பிளாஷ் அடிக்கும்போது, பெண் கண்ணை மூடிவிட்டாளா என்பது வரை அவருக்கு அங்கேயே தெரியும்.

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். ஊஞ்சல் நடக்கும்போது ரோல் தீரும். நான் புது ரோலை நீட்ட, அவர் தூண் மறைவில் போய் மாற்றிக்கொண்டு வருவதற்குள் பாட்டு முடிந்து பாலும் பழமும் கொடுத்திருப்பார்கள். எல்லாரும் 36 படம் பிடிக்கிற கேமராவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மாமா மட்டும் இரண்டு வருடம் இழுத்தார். நீங்கள் இப்போது படுகிற அதே அவஸ்தை. கடைசியில் 1991இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் பென்டாக்ஸ் கே1000 ஒன்றை வாங்கினார். முதல் கல்யாணம் முடிந்து வந்து அதை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “நல்ல கேமராதான் மாப்ளே. ஆனா தாலி கட்டும்போது கண்ணைப் பொத்திடுது.”

அவருக்கு அது பெரிய சிக்கலாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். அப்போதெல்லாம் பெண் வீட்டுக்கு ஒரு போட்டோக்காரர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர். மணவறைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். கெட்டிமேளம் கொட்டியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடிப்பார்கள். கே1000இல் பிளாஷோடு எடுத்தால் ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அதற்குள் எதிராளியின் பிளாஷும் அடித்துவிட்டால் அது நேராக நம் லென்ஸுக்குள் வந்து விழும். யாஷிகாவில் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதுக் கேமராவில், எதிராளியின் வெளிச்சம் வியூஃபைண்டரில் தெரிந்தால் தப்பித்தோம், அது நம் படத்தில் விழவில்லை. தெரியாமல் போயிருந்தால்தான் ஆபத்து. தெரியாததை அவர் எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்குத்தான் நான். லைட் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பையன். பிளாஷ் மறுபடி சார்ஜ் ஏறுகிற அந்தக் கீச்சென்ற சத்தத்துக்கு நடுவே, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே கேட்பார். “அவன் அடிச்சானாடா?” நான் தலையாட்டினால், எழுந்து கையைக் காட்டி “மாப்ளே, கையை எடுக்காதீங்க, அப்படியே” என்று கெட்டிமேளத்தை மீறிக் கத்துவார். நாத்தனார் மீதி இரண்டு முடிச்சைப் போடுவதற்குள் இன்னொரு படம். நான் “இல்லை” என்று சொன்னால் அடுத்த வேலை. அவர் குருடாகிற அந்தக் கணத்துக்கு நான்தான் கண்.

இப்போது சொல்லுங்கள், நான் எந்தச் சத்தத்தைப் பற்றி உருகினேன்? மாமாவுக்கு அது ஒரு குறை. சமாளிப்பதற்காக ஒரு பையனை வைத்துக்கொண்டார். சமாளித்துப் பழகியதைப் பிற்பாடு வந்தவன் அழகு என்று எழுதிவிட்டான். மிரர்லெஸ்ஸில் பார்ப்பது திரை, அதில் உயிர் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாமா பார்த்ததும் சொரசொரப்பான கண்ணாடிச் சில்லில் இடம் வலம் மாறி விழுந்த பிம்பம்தான். அந்த ஆல்பங்களில் உயிர் இல்லை என்று யாரும் பணத்தைக் குறைத்துக் கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவர் இழந்ததை இந்தத் திரைக் கேமராக்கள்தான் திருப்பிக் கொடுக்கின்றன. 2017இல் வந்த சோனி ஏ9இல் எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் அந்த இருட்டே இல்லை. 2021இன் நிக்கான் இசட்9இல் மெக்கானிக்கல் ஷட்டரையே தூக்கிவிட்டார்கள். உங்கள் கைக்கு எட்டுகிற இசட்6-இரண்டில் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கும். அதற்காக வருத்தப்படாதீர்கள்.

ஆகவே மாறுங்கள் என்கிறேனா? அவசரப்படாதீர்கள். இங்கேதான் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் 50, 85 இரண்டும் ‘டி’ வகை. அவற்றுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் உள்ள மோட்டார்தான் திருகுவதுபோலச் சுற்றி ஃபோகஸ் செய்கிறது. பழைய லென்ஸை இசட் கேமராவில் மாட்டுகிற எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. இரண்டு லென்ஸும் மாட்டும், படமும் எடுக்கும், ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருக வேண்டும். 24-120 உள்ளேயே மோட்டார் உள்ள ஜி வகையாக இருந்தால் பிரச்சினையில்லை. விற்கிறவர் இதைச் சொன்னாரா? ஆக நீங்கள் போட்ட கணக்கு கேமராவுக்கு மட்டும். உண்மையான கணக்கு அதோடு இரண்டு லென்ஸ், அடாப்டர், பேட்டரி. டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் தாங்கும் என்று கம்பெனி எழுதியிருக்கும், முதல் இசட்6க்கு எழுதியிருந்தது 310. நிஜத்தில் அதைவிட அதிகமாகவே வரும், இருந்தாலும் முகூர்த்தத்துக்கு மூன்று பேட்டரி இல்லாமல் போகாதீர்கள்.

இன்னொன்று, சத்தமே இல்லாமல் எடுக்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். இப்போது மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைக்கிறார்களே, அந்த வெளிச்சத்தில் சைலண்ட் ஷட்டர் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கோயில் கல்யாணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவும் கேட்கிறார்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கேட்கிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாறுங்கள். டி750இல் வீடியோ ஃபோகஸ் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். புதுசாகவே டிஎஸ்எல்ஆர் வாங்கித் தொடரலாமா என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. கேனானும் நிக்கானும் கடைசியாகப் புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவந்தது 2020இல். பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கிறது, 2021இல்கூட ஒன்று விட்டார்கள். மாமா கேட்டால் சந்தோஷப்படுவார், அந்த அசாஹிதான் பிற்பாடு பென்டாக்ஸ் ஆனது.

நகை வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள். ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஒரு இசட்6-இரண்டை வாடகைக்கு எடுங்கள். டி750ஐயும் தோளில் போட்டுக்கொண்டு போங்கள். அந்த அம்மா நகையை எடுத்து நீட்டியது உங்கள் கேமரா மேல் உள்ள ஆசையில் இல்லை, நீங்கள் ராத்திரியில் தூங்காமல் புரண்டு படுப்பதைப் பார்த்து. அதைக் கொண்டுபோய் வட்டிக்கு வைத்தால் பிறகு எந்தக் கேமராவிலும் கை நடுங்கும். “மிரர்லெஸ்தானே?” என்று கேட்கிறவர்களிடம், போன கல்யாணத்து ஆல்பத்தை எடுத்து மடியில் வையுங்கள். கேள்வி கேட்டதே அவர்களுக்கு மறந்துவிடும். ஆல்பம் கைவசம் இல்லை, பென் டிரைவ்தான் கொடுக்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள், அதற்குத் தனியாகத் திட்டுவேன்.

மாமா கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். 1992, தை மாதம், விடிகாலை முகூர்த்தம். முந்தின நாள் ரிசப்ஷனிலிருந்து நான் நின்றுகொண்டே இருக்கிறேன். ராத்திரிப் பந்தியில் எங்களைக் கூப்பிட யாருக்கும் நினைவில்லை. கெட்டிமேளம் கொட்டியது, மாமா அடித்தார், கேட்டார். நான் மணவறையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பக்கத்துக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், முதல் வரிசையில் கேசரி வைத்துவிட்டார்கள். “இல்லை மாமா” என்று சொல்லிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ரோல் கழுவி வந்தது. தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையின் கை இருந்தது, கயிறு இருந்தது. பெண்ணின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பந்து. மாமா பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “எங்கேடா பார்த்துக்கிட்டிருந்தே?” என்றார். சொன்னேன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மெட்டி போடுகிற படத்தைப் பெரிதாகப் போட்டு ஆல்பத்தை முடித்துக் கொடுத்தார். அடுத்த கல்யாணத்திலிருந்து, மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் முதலில் போனது சமையல்காரரிடம். “பையனுக்கு முன்னாடியே ரெண்டு இட்லி கொடுத்துடுங்க.”

உங்கள் அக்கா மகன் ராத்திரி எத்தனையாவது பந்தியில் உட்காருகிறான் என்று விசாரியுங்கள்.