பனையேறியிடம் என்ன கேட்பது? – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

திசையன்விளைப் பக்கம் ஒரு சிற்றூர் எனக்கு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், நாட்டின் ஆராய்ச்சிக் கொள்கையை எழுதும்போது பனையேறியையும் பீடி சுற்றும் அக்காவையும் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம். என் தாத்தா பனையேறி. குவாண்டம் கணினிக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று அவரிடம் கேட்டால், 'எனக்கென்னடே தெரியும், நீதான படிச்சவன்' என்பார்.

எங்கள் துறைக்கும் இப்படி ஒரு கருத்துக் கேட்புப் படிவம் வந்தது. வழிகாட்டி அதை என்னிடம் தள்ளிவிட்டார். நான் இருபது நிமிடத்தில் நிரப்பி அனுப்பினேன். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. படித்த எங்களைக் கேட்பதே சடங்காக இருக்கும்போது, மற்றவர்களைக் கூப்பிடுவது புகைப்படத்துக்குத்தானே? அறிவியலை அறிவியலாளர்களிடமே விட்டுவிட்டால் என்ன?

பெயர் போட வேண்டாம். வழிகாட்டியும் உங்கள் வாசகர்.

*

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். படிவத்தைத் தள்ளிவிட்ட வழிகாட்டிக்கு யார் எழுதியது என்று தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட்டை எதில் செய்வது, எவ்வளவு குளிரில் வைப்பது என்றெல்லாம் உங்கள் தாத்தாவிடம் போய்க் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை கோடியை அதில் போடுவது, அதே ஆண்டில் வேறு எதிலோ போடாமல் விடுவது என்பது இயற்பியலுக்குள் அடங்குகிற கணக்கா?

நம்ம பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு இவ்வளவு வரி என்று போடுவார்கள். வரி கொடுத்தவர் எவரும் கூட்டத்தில் எழுந்து, 'வாணவேடிக்கைக்கு எதுக்குவே இவ்வளவு?' என்று கேட்கலாம். வில்லுப்பாட்டை எந்த ராகத்தில் தூக்குவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அது பாடுகிறவர் பாடு. இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் பெரும்பகுதி அரசுப் பணம். உங்கள் தாத்தா தீப்பெட்டி வாங்கும்போது கட்டுகிற வரியும் அதற்குள் கிடக்கிறது.

இந்தக் கூட்டங்களில் ஆங்கிலத்தில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்பார்கள். தமிழில் 'பங்குதாரர்' என்று எழுதினால் பலசரக்குக் கடையில் முதல் போட்டவர் மாதிரி இருக்கிறது. அரசாங்கத் தமிழில் 'பயனாளி' என்கிறார்கள். அவர் வரிசையில் நின்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிறவர். கொடை நோட்டீஸில் நம்மிடம் நல்ல வார்த்தை ஒன்று இருக்கிறது: 'கோயிலுக்குப் பாத்தியப்பட்டவர்கள்'. கேட்க உரிமை உள்ளவர், அவர் கணக்குக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். நான் அந்த அர்த்தத்தில்தான் எழுதினேன். (கொடைக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் உட்காருகிறார்கள், யார் வீட்டில் வரியே வாங்குவதில்லை என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.)

சரி, உங்கள் படிவத்துக்கு வருவோம். நாட்டின் அறிவியல் கொள்கைக்கு 1958, 1983, 2003, 2013 என்று நான்கு ஆவணங்கள் வந்தன. ஐந்தாவதை 2020-ல் எழுதத் தொடங்கியபோது, முந்தைய நான்குக்கும் இல்லாத அளவுக்கு ஆட்களைக் கேட்டார்கள். அதை மறுக்க முடியாது. வேலையை நான்கு தடங்களாகப் பிரித்து, 21 கருப்பொருள் குழுக்கள் வைத்து, ஏறத்தாழ 43,000 பேர் பங்கெடுத்தார்கள் என்று அறிவித்தார்கள். கொரோனாக் காலத்தில் இதைச் செய்தது சாதாரண வேலையில்லை. ஆனால் வரைவு வெளியான நாள் 2020 டிசம்பர் 31. கருத்துச் சொல்ல முதலில் கொடுத்த கெடு ஜனவரி 25. நடுவில் பொங்கல். அந்தப் பொங்கலுக்குத் தாமிரபரணியில் வெள்ளம் வேறு. ஆற்றங்கரையில் பாதிப் பேர் வீட்டுக்குள் வந்த சகதியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2014-ல் ஒன்றிய அரசே ஒரு நெறி வகுத்தது. கொள்கை ஆவணம் சட்டம் இல்லைதான், இருந்தாலும் அந்த ஒரு மாதமாவது கொடுத்திருக்கலாம்.

நாள் கணக்கை விடுங்கள். எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. நான் பார்த்ததையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நடத்தியவர்கள் யார் என்பது வேண்டாம். பனைத் தொழிலுக்கு என்ன தொழில்நுட்பம் தேவை என்பது பொருள். காலை பத்து மணியிலிருந்து திரையில் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இரண்டு பனையேறிகள். கழுத்தில் மாட்டிய அட்டையில் பெயர் இல்லை, 'பயனாளி' என்று மட்டும் இருந்தது. பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பொத்தான்களுக்கு இடையில் நெஞ்சில் மரம் உரசிக் காய்த்த தடம் தெரிந்தது. பனை ஏறும் கருவி ஒன்றின் படத்தைக் காட்டினார்கள். மரத்தைச் சுற்றி மாட்டி, மிதித்து மிதித்து மேலே போவது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மைக் அவர்கள் கைக்கு வந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிடம். பின்னால் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற சத்தம். பெரியவர் எழுந்து சொன்னார்: "இத ஒரு மரத்துல மாட்டிக் கழத்ததுக்குள்ள நான் மூணு மரம் ஏறி இறங்கிருவேன். ஏறுததுல என்ன இருக்கு? மேல கருக்கு மட்டைக்கு ஊடால உக்காந்து பாளையச் சீவணும்லா, அங்க என்னத்த வச்சிருக்கீங்க?"

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம். காலையிலும் மாலையிலும் அதே மரங்களில் மறுபடி ஏற வேண்டும். ஒவ்வொன்றிலும் மேலே போய், ரம்பம் மாதிரிப் பல் வைத்த மட்டைகளுக்கு நடுவில் உடம்பை ஒடுக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பாளையைச் சீவி, நிறைந்த கலயத்தை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாட்ட வேண்டும். ஆளைக் கொல்லும் இடம் அதுதான். ஆனால் கீழே நின்று பார்க்கிறவருக்கு ஏறுவது மட்டும்தான் தெரியும். அதனால் 'ஏறுவதை எப்படி எளிதாக்குவது' என்ற கேள்வியோடு கருவியைச் செய்து முடித்து, கொண்டுவந்து காட்டி, கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள்.

கூட வந்த இளைஞர் எழுந்து கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "வடலிலயே ஆணா பொண்ணான்னு தெரிய ஏதும் வழி உண்டாய்யா? தெரியதுக்குள்ள பாதி ஆயுசு போயிருது."

வடலி என்றால் இளம் பனை. பனையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பாளை விடும்வரை எது எதுவென்று சொல்ல முடியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகிவிடும். பதநீர் இரண்டிலும் இறங்கும், நுங்கு பெண்ணில் மட்டும்தான். நுங்குக்காக நூறு கன்று நடுகிறவர் எத்தனை பெண் தேறும் என்று தெரியாமலே பதினைந்து வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தம்பி, மரபணு ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது, ஒரு முனைவர் பட்டத்துக்கே காணும். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனைக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது. அவர்களுக்குத் தெரியாத கேள்வி இல்லை. ஆனால் எதற்குப் பணம் என்று பட்டியல் போடுகிற மேசைக்கு இந்தக் கேள்வி யார் வழியாகப் போகும்?

கூட்ட அறிக்கை சில மாதம் கழித்து என் கையில் கிடைத்தது. 'பயனாளிகள் கருவியை வரவேற்றனர்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

கூடங்குளத்தை வைத்து இங்கே சண்டை போட வரவில்லை. தேதிகளை மட்டும் பாருங்கள். ஒப்பந்தம் 1988 நவம்பரில். ஒரு திட்டம் சுற்றுப்புறத்தை என்ன செய்யும் என்று முன்கூட்டியே ஆராயச் சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994-ல். முதல் இரண்டு உலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்கவே இல்லை. 2011-ல் இடிந்தகரைப் போராட்டப் பந்தலில் பெண்கள் வந்து உட்கார்ந்தபோது, 'இவ்வளவு கட்டி முடித்த பிறகா?' என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களை முன்னால் யாராவது கேட்டிருந்தால்தானே முன்னால் சொல்லியிருக்க முடியும்?

வெளியே ஒரு உதாரணம். நெதர்லாந்தில் 2015-ல் தேசிய ஆராய்ச்சி நிரலைத் தயாரித்தபோது மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை, அவர்களுடைய கேள்விகளைக் கேட்டு வாங்கினார்கள். 'அறிவியல் எதற்கு விடை தேட வேண்டும்?' என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். ஏறத்தாழ 12,000 கேள்விகள் வந்தன. அறிஞர் குழுக்கள் உட்கார்ந்து, ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து, 140 கேள்விகளாக்கின. சலிப்பதும் தொகுப்பதும் உங்களைப் போன்றவர்கள் வேலை. அறிவியலை அறிவியலாளர்களிடம் விட வேண்டிய இடமும் அதுதான். பன்னிரண்டாயிரத்தை நூற்று நாற்பதாக்கும்போது எவ்வளவோ நசுங்கியிருக்கும், அது வேறு விஷயம்.

அப்படிச் செய்ய நமக்கு வராது என்று சொல்லிவிடாதீர்கள். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்குச் சம்மதம் சொல்லிவிட்டது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், 2010 ஜனவரி, பிப்ரவரியில் ஏழு நகரங்களில் உட்கார்ந்து கேட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூரு. ஒரே கூச்சல், ரகளை. விஞ்ஞானிகள் பலருக்கு அது அவமானமாகவும் இருந்தது. பிப்ரவரி 9-ஆம் தேதி நிறுத்திவைத்தார். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் யார் என்ன சொன்னார்கள், எதை ஏற்றேன், ஏன் ஏற்றேன் என்று காரணத்தோடு எழுதி வெளியிட்டார். நீங்கள் படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தீர்களே, வராத தகவல் அதுதான். இன்னொன்று: அந்த விதைக்கு வேலை செய்த நிறுவனங்களில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் ஒன்று. ஏழு நகரங்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை.

மொழியைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கிக்கொள்கிறேன். 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு ஒருவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. கொள்கை ஆவணத்தை வாசிக்கவே முடியாதவரிடம் அதைப் பற்றிக் கருத்துக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? உங்கள் தாத்தா சொன்னதைத்தான் சொல்வார். 'நீதான படிச்சவன்' என்பதற்கு அவருக்குக் கேள்வி இல்லை என்று அர்த்தம் இல்லை.

பீடி அக்காவையும் சொன்னேன் இல்லையா. முக்கூடலில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா மடியில் சுளகை வைத்தால் கை நிற்காது. கத்தரிக்கோல் இலையை நறுக்கும், விரல் தூளை வைத்துச் சுருட்டும், நூலைச் சுற்றும், கண் தொலைக்காட்சியில் இருக்கும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அவரைப் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டைக்கு வரச் சொன்னால் அன்றைய பீடியும் போச்சு, கூலியும் போச்சு. அவருக்குப் பதிலாக அவர் சார்பில் பேசுகிறேன் என்று ஒருவர் வருவார், எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் அவர்தான் இருப்பார். கேட்க நினைக்கிறவர்கள் பீடி ஒப்படைக்கிற கடை வாசலுக்குப் போகட்டும். அங்கே வரிசையில் நிற்கிற நேரத்தில் தூசியைப் பற்றி, இருமலைப் பற்றி, மரத்துப்போன விரலைப் பற்றிப் பேச்சு தானாக ஓடும். நீங்கள் எழுதிக்கொண்டால் போதும். போய் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் இன்னும் நல்லது. ஆலோசகருக்குக் கொடுக்கிறோமே.

2023-ல் சட்டம் போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி என்று இலக்கு, அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்று திட்டம். ஆட்சிக் குழுவுக்குத் தலைவர் பிரதமர். பணம் போடுகிற தொழில் நிறுவனங்களின் குரல் அங்கே எப்படியும் கேட்கும், அதற்கு யாரும் கூட்டம் போட வேண்டியதில்லை. நான் கவலைப்படுவது பணம் போடாத பாத்தியப்பட்டவர்களைப் பற்றி.

அடுத்த முறை அந்தப் படிவம் வந்தால் இருபது நிமிடத்தில் நிரப்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் தாத்தா பக்கத்தில் உட்காருங்கள். குவாண்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம், அறுபது வருடத்தில் அவருக்கு விளங்காமலே போனது என்னவென்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதி, கீழே உங்கள் ஆங்கிலத்தைப் போட்டு அனுப்புங்கள்.

போகிறபோது எனக்காக ஒன்றும் கேட்டுவாருங்கள். வடலியின் ஓலையைப் பார்த்தே ஆண், பெண் சொல்லிவிடலாம் என்று எங்கள் ஊரில் மூன்று பேர் மூன்று விதமாகச் சத்தியம் செய்கிறார்கள். தாத்தா எந்தக் கட்சி?

அன்புடன்,
அண்ணாச்சி