கை ஒத்துழைக்காதவருக்குக் கணினியில் நினைவுத்திறன் சோதனை: கேள்வி-பதில்

அப்பாவுக்கு 71 வயது, பார்க்கின்சன் (நடுக்குவாத) நோய். டேப்லெட்டில் வைத்த சோதனையில் ‘சிந்தனை வேகம் குறைவு’ என்று வந்திருக்கிறது. வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் பிசகாமல் பார்க்கிறாரே? (சாட்ஸ்வொர்த்)

அந்த ஓர் எண்ணை வைத்து முடிவுகட்ட வேண்டாம். திரையில் தட்டும் நேரத்துக்குள் பார்ப்பது, தீர்மானிப்பது, விரலை நகர்த்துவது மூன்றும் அடங்கியிருக்கின்றன. பார்க்கின்சன் முதலில் கெடுப்பது மூன்றாவதை.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. முதலில், வட்டம் தெரிந்ததும் தட்டச் சொல்லுங்கள். யோசிக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு வட்டம் வந்தால் இடது பொத்தான், சதுரம் வந்தால் வலது. இரண்டுக்கும் ஒரே விரல்தான்; விரல் ஓய்வாக இருக்கும் இடத்திலிருந்து இரு பொத்தான்களும் சம தூரத்தில் இருக்கட்டும். முதலாவதில் 620 மில்லிவினாடி, இரண்டாவதில் 940 என்றால் தீர்மானிக்க ஆனது ஏறக்குறைய 320. டச்சு உடலியலாளர் டோண்டர்ஸ் 1868இல் வெளியிட்ட கழித்தல் முறைதான் இது. துல்லியமான அளவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் மொத்த நேரத்தை அப்படியே நம்புவதைவிட மேல். ஒவ்வொன்றிலும் 30 முறையாவது எடுத்து, சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பைப் பாருங்கள். ஒரே ஒரு முறை கை உறைந்து நின்றாலும் சராசரி எங்கோ போய்விடும். வடிவங்களுக்குப் பதில் சிவப்பு–பச்சை வேண்டாம், நிறக்குருடு இருந்தால் குழப்பம்.

பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் தாளில் குறித்து வையுங்கள். மருந்து நன்றாக வேலைசெய்யும் நேரத்தில் ஒரு முறையும், அது இறங்கிய நேரத்தில் மறுமுறையும் சோதித்தால் ஒப்பீடே வீண்.

நடுக்கத்தால் ஒரு தட்டு இரண்டாகப் பதிகிறது. ஐபேடில் ‘டச் அக்காமடேஷன்ஸ்’ (தட்டுவதில் சிரமம் உள்ளவர்களுக்கான அமைப்பு) போடலாமா? (தெரபிஸ்ட், பீனிக்ஸ்)

சரி–தவறு மட்டும் எண்ணும் சோதனைக்குத் தாராளமாகப் போடலாம். ‘இக்னோர் ரிப்பீட்’ இரட்டைத் தட்டை விழுங்கிவிடும். நேரம் அளக்கும் சோதனையில் மட்டும் தொடாதீர்கள்: ‘ஹோல்ட் டியூரேஷன்’ (தட்டு பதிய விரல் திரையில் நிற்க வேண்டிய நேரம்) 0.3 வினாடி என்று வைத்தால் ஒவ்வொரு பதிலிலும் 300 மில்லிவினாடி ஏறும். அந்த மதிப்பெண்ணைச் சோதனையோடு வரும் இயல்பு மதிப்பெண் அட்டவணையோடு ஒப்பிட முடியாது. அதற்குப் பதில் முன்கையை மேசையில் தாங்கவிட்டு, பொத்தான்கள் இருக்கும் இடத்தில் மட்டும் துளையிட்ட அக்ரிலிக் தகட்டைத் திரைமேல் வையுங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் இன்னொரு தொல்லை. கை கனத்து வலது ஷிப்ட் மேல் 8 வினாடி கிடந்தால் ‘ஃபில்டர் கீஸ்’ (விசை அழுத்தங்களை வடிகட்டும் வசதி) பெட்டி எழுந்து சோதனையை மறைக்கும். ஷிப்ட் ஐந்து முறை அழுந்தினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ (விசைகளை ஒவ்வொன்றாக அழுத்த விடும் வசதி) பெட்டி. இரண்டின் குறுக்குவழிகளையும் முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய சோதனை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். பயிற்சிச் சுற்றை இரட்டிப்பாக்குங்கள். திரையின் ஒரு பக்கத்தை அவர் கவனிக்காமலே விடுகிறாரா என்பதை முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் பழி கைமேல் இல்லை.

ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்) வந்தவர், பேச்சும் இல்லை, கையும் இல்லை. கண்ணசைவுக் கருவி இருக்கிறது. (டர்பன்)

கருவி முகத்திலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ., முகத்துக்கு நேர் எதிரே. சன்னல் வெயில் விழக் கூடாது. இமை தொங்கினாலும் இருபார்வைக் கண்ணாடி போட்டிருந்தாலும் கருவியைக் கண்ணுக்குப் பொருத்தும் அளவீடு பிசகும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்வை அதில் நிலைக்க வேண்டிய நேரத்தை 800 மில்லிவினாடியில் தொடங்குங்கள். களைப்பில் கண் அலைந்தால் அந்தப் பொருத்தும் அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள்.

‘ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்கள்’ சோதனையில் சொற்களை மட்டும் எண்ணினால் அநியாயம். எழுதுவதற்கே பாதி நேரம் போய்விடும். அதே சொற்களைப் பிறகு பார்த்து எழுதச் சொல்லி நேரம் எடுங்கள். 120 வினாடியில் 8 சொல், பார்த்து எழுத 64 வினாடி என்றால், மீதி 56ஐ 8ஆல் வகுக்க, சொல்லுக்கு 7 வினாடி. இதுதான் யோசிக்கும் நேரம்.

பாட்டிக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. கையில் பேனாவும் நிற்காது. (மெர்பேங்க்)

கணினியை ஒதுக்கி வையுங்கள். மோக்கா (MoCA) என்ற நினைவு, சிந்தனைத் திறன் சோதனையில் பார்வையற்றோருக்கான வடிவம் உண்டு: வரைவதும் படம் பார்ப்பதும் இல்லை, மொத்தம் 22 மதிப்பெண், 18க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். நீங்களே மொழிபெயர்த்துக் கேட்காதீர்கள். சொல் மாறினால் கடினமும் மாறும்.

நடுவில் லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்துவிட்டால்?

பேட்டரிக்கு மாறும்போது திரை மங்கி, லேப்டாப் வேகமும் இறங்கலாம். நேரம் அளக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். 20 நிமிடம் கழித்து நினைவுகூரும் பகுதி அறுபட்டால் அதே சொற்பட்டியலை மறுபடி வாசிக்காமல், இன்னொரு நாள் மாற்றுப் பட்டியலோடு தொடங்குங்கள்.