பிட் அடித்துப் பழகியவர்கள் வேலையிலும் அப்படித்தான் இருப்பார்களா?

எல்லாரும் அப்படி ஆவதில்லை. பரீட்சை பயத்தில் ஒரு தடவை பிட் வைத்தவரை விட்டுவிடலாம். வகுப்பே சேர்ந்து செய்வதுதான் கவலை. அமெரிக்காவில் டொனால்ட் மெக்கேப் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளிலும், மாணவர்கள் காப்பி அடிப்பதில் சக மாணவர்களின் நடத்தைக்குப் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது.

சென்னையில் இன்ஜினியரிங் படித்த யாரையாவது லேப் ரெக்கார்டு பற்றிக் கேட்டுப் பாருங்கள். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவது, வராத ரீடிங்கை வந்ததாகப் போடுவது, எல்லாம் தெரிந்தே ஆசிரியர் கையெழுத்துப் போடுவது (பாவம், அவருக்கும் போர்ஷன் முடியணும்). கையெழுத்து விழுந்தால் வேலை முடிந்தது என்று அந்த வயதிலேயே பதிந்துவிடுகிறது. செய்யாத சோதனைக்கு ரிப்போர்ட் எழுத அப்புறம் கை கூசுவதில்லை.

பெங்களூரு மாணவர்களைப் பகடை உருட்டச் சொல்லி ரீமா ஹன்னா, ஷிங்-யி வாங் இருவரும் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. விழுந்ததைவிடப் பெரிய எண்ணாகப் பொய் சொன்னவர்கள் அரசு வேலையை அதிகம் விரும்பினார்களாம். 2019 குரூப் 4 தேர்வில் மறையும் மையால் விடை குறித்து, பிறகு வேறு ஆட்கள் சரியான விடையை நிரப்பிய முறைகேட்டுக்காக 99 பேருக்கு டி.என்.பி.எஸ்.சி. வாழ்நாள் தடை விதித்ததும் நினைவிருக்கும்.

தண்டனையைக் கூட்டுவதைவிட, ரெக்கார்டுக்கான மார்க்கைக் குறைத்து வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நாலு கேள்வி கூடுதலாகக் கேட்டாலே பாதி குறையும் என்பது என் எண்ணம்.