வாடகை வந்தா லோன் அடைஞ்சிடுமா?

கேள்வி: முதல் தடவையா ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம்னு இருக்கேன் சார். வர்ற வாடகையே லோன் தவணையை கட்டிரும்னு புரோக்கர் சொல்றார், நம்பி இறங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. வாடகையும் தவணையும் சரிக்கு சரின்னா உங்க கைக்காசுதான் போகும், ஏன்னா வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர், மெயின்டெனன்ஸ் எதுவும் அந்தக் கணக்குல இல்ல, ஒருத்தர் காலி பண்ணி அடுத்தவர் வர்றதுக்குள்ள ஒரே ஒரு மாசம் பூட்டிக் கிடந்தாலே வருஷ வாடகையில 8 சதவீதத்துக்கு மேல போச்சு. அதனால 11 மாச வாடகைன்னே எடுத்துக்குங்க, செலவெல்லாம் கழிச்சு மிஞ்சுறதை வீட்டு விலையால வகுத்துப் பாருங்க, பதிவுச் செலவையும் விலையோட சேர்த்துத்தான் (நிறைய பேர் இதை மறந்துடறாங்க). அந்த சதவீதம் லோன் வட்டியை விட ரொம்ப கம்மின்னா, விலை ஏறும்ங்கிற நம்பிக்கையிலதான் வாங்குறீங்கன்னு அர்த்தம்.

வாடகை எவ்ளோன்னு அதே தெருவுல குடியிருக்கவங்ககிட்ட நீங்களே கேளுங்க. பத்திரம் பார்க்க உங்க சொந்த வக்கீல், விக்கிறவர் காட்டுற ஆள் வேண்டவே வேண்டாம். ஆறு மாச தவணைக்கு தனியா பணம் கையில இல்லேன்னா இப்போ அட்வான்ஸ் குடுக்காதீங்க, ப்ளீஸ்.