வாசகர் கேள்வி – பதில்: எல்கோ தீவில் தாதிப் பணி

(இம்முறை பதில் எழுதுபவர் காரைதீவில் பிறந்து மட்டக்களப்பில் தாதிப் பயிற்சி பெற்றவர். வட அவுஸ்திரேலியாவில், ஆர்னெம் லேண்ட் கரையோரமுள்ள எல்கோ தீவில் யோல்ங்கு பூர்வகுடி மக்களிடையே பணியாற்றுகிறார். விடுமுறையில் ஊர் வந்திருக்கிறார்.)

தாதியர் டிப்ளோமா முடித்திருக்கிறேன். நேரே அப்படியொரு தீவுக்கு விண்ணப்பிக்கலாமா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

நேரே முடியாது, தங்கச்சி. உங்கள் படிப்பை அவுஸ்திரேலியத் தாதியர் பட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆகவே பட்டத்தை முடித்துவிட்டுப் போவதே புத்தி. கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆங்கிலத் தகுதி, அதன்பின் என்கிளெக்ஸ் என்ற கணினிப் பரீட்சை, அதன்பின் அடிலெயிட் நகரில் செய்முறைப் பரீட்சை. எல்லாம் தாண்டி வேலை கிடைத்தாலும் சில வருடங்கள் பெரிய வைத்தியசாலையில், முக்கியமாக அவசர சிகிச்சைப் பிரிவில் நில்லுங்கள். தீவில் நள்ளிரவில் நெஞ்சு வலியோடு ஒருவர் வந்தால், வைத்தியர் தொலைபேசியின் மறுமுனையில்தான் இருப்பார். அந்த நிலம் யோல்ங்கு மக்களுக்கே சட்டப்படி சொந்தம் என்பதால் உள்ளே போக அனுமதிப் பத்திரமும் வேண்டும்.

அங்கே மிகக் கடினமான வேலை எது? பிரசவமா, விபத்தா?
— வாசகர், ஆரையம்பதி

இரண்டும் இல்லை. கர்ப்பிணிகளை 38 வாரமளவில், ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தள்ளியுள்ள டார்வினுக்கு அனுப்பிவிடுகிறோம். பாரதூரமான விபத்து என்றால் விமானத்தை அழைக்கிறோம். என்னைத் திணறடிப்பது, பிள்ளைகளுக்கு 28 நாளுக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசி.

தொண்டைப் புண்ணிலும் தோல் புண்ணிலும் வரும் கிருமியால் வாதக் காய்ச்சல் வருகிறது. அது திரும்பத் திரும்ப வந்து இதய வால்வைக் கெடுக்கிறது. ஒரே வீட்டில் மூன்று நான்கு குடும்பங்கள் நெருங்கி இருக்கும் இடத்தில் கிருமிக்குக் கொண்டாட்டம். நம்மூர் மூத்த தாதிமார் இந்த நோயை அறிவார்கள். அங்கே அது இன்றும் பிள்ளைகளைச் சத்திரசிகிச்சைக்கு மெல்பேர்ண் வரை அனுப்புகிறது. தடுக்க வழி அந்த ஊசிதான், அதுவும் வருடக் கணக்காக.

மருந்து கடைந்த தயிரைப் போல வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றி, இடுப்புத் தசையில் இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெல்ல மெல்லச் செலுத்த வேண்டும். அவசரப்பட்டால் வலி உயிர் போகும். அடுத்த மாதம் பிள்ளை நம் வாகனத்தைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கும்.

அப்படி ஓடித் திரிந்த பதின்ம வயதுப் பையன் ஒருவனைத் தேடிக் கடற்கரைக்குப் போனோம். என்னோடு வந்த உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர், தீவில் எல்லோரையும் அறிந்த பெண். பையனைக் கண்டதும் முகத்தைத் திருப்பி வாகனத்துக்குள்ளேயே இருந்துவிட்டார். முறைப்படி அவர் அவனுக்கு மாமியார். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்ப்பதோ பேசுவதோ அங்கே கிடையாது. மருமகன் என்றால் மகளைக் கட்டியவன் மட்டுமல்ல, அந்த முறையில் வருகிற எல்லோரும்தான். மறுநாள் இன்னொரு பணியாளரோடு போனேன். அவர் பையனின் தகப்பனுக்குச் சகோதர முறை. பையன் அவரையும் தகப்பன் என்றே அழைப்பான். அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மீனைப் பற்றிக் கதைத்தார். பிறகு அவனே எழுந்து வந்தான். ஊசி போடும் நேரம் முழுவதும் தொலைபேசியில் கால்பந்தாட்டம் பார்த்தான். பல்லைக் கடித்தது மட்டும் தெரிந்தது.

யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் ஊசியைத் தூக்கிக்கொண்டு அலைந்து பயனில்லை. அதனால்தான் வெளியிலிருந்து வருகிற தாதியை விட உள்ளூர்ப் பணியாளர் பெரியவர் என்கிறேன். சம்பளப் பட்டியல் வேறு மாதிரிச் சொல்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாகரிகம் எட்டாத மக்களிடையே எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அக்கரைப்பற்று

ஐயா, ஆசிரியராக இருந்தவர் நீங்கள். இந்தக் கேள்வியை மாற்றிக் கேட்டிருக்கலாம். யோல்ங்கு சமூகம் துவா, யிரிட்சா என்று இரு பாதியாகப் பிரிந்தது. பிள்ளை தகப்பனின் பாதியைச் சேரும், திருமணம் மறுபாதியில்தான். நம்மிடம் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது, ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கலியாணப் பேச்சில் “என்ன குடி?” என்று கேட்டுப் பழகிய மட்டக்களப்பாருக்கு அங்கே தலை சுற்றாது, என்னோடு வேலை செய்த நகரத்துத் தாதிமாருக்குச் சுற்றியது. வெள்ளைக்காரர் குடியேறுவதற்கு முன்பே, இன்றைய இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து பாய்க்கப்பல்களில் வந்தவர்களோடு கடலட்டை வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். நான்கைந்து மொழி பேசும் பாட்டிமாரை என் கிளினிக் வாசலில் காணலாம். எனக்கு வருவது மூன்று.

பெண்பிள்ளை இரவில் தனியாக வேலைக்குப் போவது ஆபத்தில்லையா?
— ஒரு தாய், திருக்கோவில்

தனியாகப் போகக் கூடாது, அம்மா. 2016இல் தென் அவுஸ்திரேலியாவின் தொலைதூரக் கிராமமொன்றில் தாதி ஒருவர் கொல்லப்பட்டார். அதன்பின் அந்த மாநிலம், இரவு அழைப்புக்குத் தாதி தனியே போகக் கூடாதென்று அவர் பெயரிலேயே சட்டம் இயற்றியது. நான் வேலை செய்யும் இடத்திலும் இருவராகத்தான் போகிறோம். நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், சம்பளம் அடுத்தது.

சோறு கறிக்கு வழி உண்டா?
— வாசகர், கல்முனை

அரிசி உண்டு. சாமான் கப்பலில் வருவதால் விலை கண்ணைக் கட்டும். மரக்கறி வாடித்தான் வரும். மீனுக்குக் குறைவில்லை, முதலைக்கும் குறைவில்லை, ஆகவே ஆற்று வாயில் தூண்டில் போடப் போகாதீர்கள். மது அந்த ஊருக்குள் தடை. கறித்தூளை விமான நிலையத்தில் சொல்லிக் காட்டிவிட்டுக் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையைப் பைக்குள் ஒளித்தால் இலையும் போகும், அபராதமும் வரும்.