நோக்கமும் வேண்டும், சம்பளமும் வேண்டும்

கல்வி, மகளிர் மேம்பாடு, ஊரக வளர்ச்சி போன்ற துறைகளில் வேலை தேடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் வேலைவாய்ப்புக் குழு பதில் தருகிறது.

சிறுசேரியில் ஐ.டி. சப்போர்ட் வேலையில் 6 வருடமாக இருக்கிறேன். வயது 29. கைக்கு வருவது 58,000 ரூபாய். கல்விக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்தில் சேர வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ராஜினாமா செய்துவிட்டுத் தேடலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே தேடுங்கள்.

'கல்வி' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டீர்கள். உள்ளே போனால் வகுப்பெடுப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, பாடப்பொருள் எழுதுவது, டேட்டா பார்ப்பது, நன்கொடை திரட்டுவது, கணக்கு எழுதுவது என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத வேலைகள் இருக்கின்றன. உங்களுக்கு எது ஒத்துவரும் என்பது யோசித்தால் தெரியாது, செய்து பார்த்தால் தெரியும். ஒரே ஒரு நிறுவனத்தைப் பிடித்து, 12 சனிக்கிழமை தொடர்ந்து போங்கள். முதல் மூன்று நான்கு வாரம் புதுமையில் ஓடிவிடும், அதை நம்பாதீர்கள். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகும் கால் தானாக அந்தப் பக்கம் போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் எது இழுத்தது, எது சலித்தது என்று நாலு வரி எழுதி வையுங்கள். குழந்தைகளோடு விளையாடுவதோடு நிற்காமல், வருகைப் பதிவேடு, பயணப்படி பில், மாத அறிக்கை போன்றவற்றையும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். முழுநேர வேலையில் வாரத்தின் பெரும்பகுதி அதற்குத்தான் போகும். அது பிடிக்கவில்லை, குழந்தைகளோடு இருப்பது மட்டும் பிடிக்கிறது என்றால் இப்போதைய வேலையிலேயே இருந்துகொண்டு தன்னார்வலராகத் தொடருங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

இனி பணம். வாடகை, இ.எம்.ஐ., வீட்டுக்கு அனுப்புவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் எதற்குக் கீழே குறைக்கவே முடியாது என்று பாருங்கள். 32,000 என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதத்துக்கு 2,88,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். பலரும் ஆறு மாதம் போதும் என்பார்கள். இந்தத் துறையில் நேர்காணல் முடிந்தும், நிதி வந்த பிறகுதான் பணி ஆணை வரும். அந்தத் தாமதத்துக்காகவே கூடுதலாக மூன்று மாதம்.

பர்சனல் லோன், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அடைத்துவிடுங்கள். ஒப்பந்த வேலைக்கு மாறிய பிறகு குறைந்த வட்டிக்குக் கடன் மாற்றுவது கடினம். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு நீங்கள் விலகியதும் முடிந்துவிடும். விலகும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், குழுவில் கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம்.

5 ஆண்டு தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி உண்டு. கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தச் சம்பளம் 24,000 என்றால் 6 ஆண்டுக்கு ஏறத்தாழ 83,000 ரூபாய். பி.எஃப். பணத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை வேண்டும்; ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து இப்போது எடுத்தால் அந்த 6 ஆண்டு அறுந்துபோகும். புதிய இடத்தில் பி.எஃப். உண்டா என்றும் கேளுங்கள். 20 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கு அது கட்டாயமில்லை.

நான்கு வருடம் குரூப் 1 தேர்வுக்குப் படித்தேன். கிடைக்கவில்லை. தொண்டு நிறுவன நேர்காணல்களில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இந்த இடைவெளியை எப்படிச் சொல்வது?
– வாசகர், திருநெல்வேலி

பெரும்பாலானோர் சொல்வது இப்படி இருக்கும்: "நாலு வருஷம் படிச்சேன் சார், மெயின்ஸ் வரைக்கும் போனேன், கிடைக்கல. சின்ன வயசுலேருந்தே மக்களுக்குச் சேவை செய்யணும்னு ஆசை." முன்பாதி மன்னிப்பு. பின்பாதி அன்று வந்த எல்லோரும் சொன்னது. எதிரில் இருப்பவர் குறிப்பேட்டில் எழுத எதுவும் கிடைக்காது.

இதையே ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "2020-லிருந்து 2024 வரை குரூப் 1-க்குப் படித்தேன். ஒருமுறை முதன்மைத் தேர்வு எழுதினேன். அந்த நாட்களில் எங்கள் ஊராட்சியில் நூறு நாள் வேலைக் கூலி ஏறாத 14 பேர் இருந்தார்கள். என்னிடம் வந்தபோது, படிப்பு கெடும் என்று ஒதுங்கியிருக்கலாம். தினமும் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி அவர்களுடைய பாஸ்புக், ஆதார் விவரங்களை ஒப்பிட்டு மனு எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பேருக்குப் பணம் வந்தது. மீதிப் பேருக்கு ஆதாரிலும் வங்கியிலும் பெயர் எழுத்து வேறாக இருந்தது. அதைத் திருத்த இன்னும் மூன்று மாதம் ஆனது. இதை முழுநேரமாகச் செய்ய வேண்டும் என்றுதான் இங்கே வந்திருக்கிறேன்."

இதில் இடைவெளி மறைக்கப்படவில்லை. தோல்வி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. 'ஒதுங்கியிருக்கலாம்' என்ற இடத்தில் அவர் ஒரு முடிவெடுக்கிறார். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான். அமெரிக்காவில் மார்ஷல் கான்ஸ் இதையே ஒரு முறையாக வகுத்துக் கற்பிக்கிறார். கலிஃபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் 1965 முதல் 16 ஆண்டு உழைத்துவிட்டுப் பின்னர் ஹார்வர்டில் ஆசிரியரானவர் அவர். சவால், அதன் முன் எடுத்த முடிவு, விளைவு என்று ஒவ்வொரு கதையையும் அடுக்குவார். என் கதையில் தொடங்கி, நம் கதைக்கு வந்து, இப்போது செய்ய வேண்டியதில் நிறுத்த வேண்டும் என்பது அவர் பாடம். நேர்காணலுக்கு அப்படியே பொருந்தும்.

ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். 'ஆர்வம்', 'சேவை மனப்பான்மை' வரும் வாக்கியங்களை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஊர்ப் பெயரோ எண்ணிக்கையோ வையுங்கள். இல்லாததைக் கட்டிவிட வேண்டாம். "மனுவை யாருக்கு எழுதினீர்கள்? எத்தனை நாளில் பதில் வந்தது?" என்ற இரண்டாவது கேள்வியிலேயே பொய் உடைந்துவிடும். சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை என்றால், அடுத்த மூன்று மாதத்தில் செய்யுங்கள். திட்டங்களும் அரசாணைகளும் உங்களுக்கு அத்துப்படி; உங்கள் தெருவிலேயே அது தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் 11 மாத ஒப்பந்தம் என்கிறார்கள். நம்பிச் சேரலாமா?
– வாசகி, திருச்சி

ஒப்பந்தம் குறுகியது என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். எனப்படும் அந்தப் பணம் பெரும்பாலும் புராஜெக்ட் வாரியாக, ஆண்டுக் கணக்கில் வருகிறது. வேலையும் அப்படியே. வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளுக்கோ 2020 சட்டத் திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்துவிட்டது. அலுவலக ஊழியர் சம்பளம் இறுகியதற்கு அது ஒரு காரணம்.

சந்தேகப்பட வேண்டியது வேறு. 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வரிச் சலுகைப் பதிவு நடப்பில் உள்ளதா, தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா, கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்களா என்று பாருங்கள். பிறகு கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பணியிடத்துக்குப் பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது? பயணப்படி பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும்? எனக்கு முன்பு இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? மூன்றாவதற்குத் திணறினால், அவரையே தேடிப்பிடித்துப் பேசிவிட்டுச் சேருங்கள்.

வயது 38, பி.காம். கல்யாணத்துக்குப் பிறகு 12 வருடம் வேலைக்குப் போகவில்லை. சுய உதவிக் குழுவில் 7 வருடமாக ஊக்குநராக இருக்கிறேன். பெண்களுக்கான நிறுவனங்களில் வேலை செய்ய ஆசை. விண்ணப்பத்தில் 'அனுபவம் இல்லை' என்று எழுத வேண்டியிருக்கிறது.
– வாசகி, தருமபுரி மாவட்டம்

அந்த வரியை முதலில் அடியுங்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முளைத்ததே உங்கள் மாவட்டத்தில்தான். ஏழு வருடம் ஊக்குநராக இருந்தவர் அனுபவம் இல்லை என்று எழுதலாமா?

தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, வங்கி பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்து வைத்து உட்காருங்கள். 14 பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 33,600 ரூபாய் சேமிப்பை நிர்வகித்திருக்கிறீர்கள். அதேபோல் உள்கடன் மொத்தம் எவ்வளவு, வங்கிக் கடன் எத்தனை முறை, தவணை தவறிய மாதங்கள் எத்தனை, தவறியபோது என்ன செய்தீர்கள் என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள். தவறிய மாதங்களை மறைக்க வேண்டாம். உறுப்பினர் ஒருவர் நின்றுபோனபோது குழுவை உடையாமல் எப்படிக் காப்பாற்றினீர்கள் என்பதுதான் நேர்காணலில் அவர்கள் கேட்க விரும்புவது.

பி.காம். இருப்பதால் கணக்குப் பக்கமே போங்கள். டேலியும் ஜி.எஸ்.டி.யும் மூன்று மாதம் படித்தால் போதும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கணக்கு தெரிந்த உள்ளூர் ஆள் எப்போதும் தேவை. பயிற்சி தரப் பிடித்தால் சமுதாய வளப் பயிற்றுநர் பணி பற்றி மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கூட்டமைப்புக் கூட்டத்தில் எழுந்து, வேறு இரண்டு குழுக்களின் கணக்கைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். நாலு ஊரில் பெயர் தெரியும். அங்கேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. "அக்கா, நீங்களே எழுதிடுங்க" என்று எல்லாக் குழுவும் உங்கள் தலையில் கட்டிவிடும். இரண்டு குழுவுக்கு இலவசம், மூன்றாவதிலிருந்து புத்தகத்துக்கு இவ்வளவு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் மனஸ்தாபம் வரும்.

குழந்தைகள் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்குள்ள பிள்ளைகளின் கதையைப் படத்தோடு இன்ஸ்டாகிராமில் போட்டால் நன்கொடை வருகிறது. தவறா?
– வாசகர், மதுரை

சட்டப்படியே தவறு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையையும் ஊரையும் காட்டினாலும் அடையாளம் காட்டியதே. போட்டவற்றை இன்றே நீக்குங்கள். உங்கள் கதையைச் சொல்லுங்கள்: காலை ஐந்தரை மணி அடுப்படி, மாதம் எத்தனை மூட்டை அரிசி, எதற்குப் பணம் போதவில்லை. அதற்கும் நன்கொடை வரும்.

மூன்று வருடமாக ஃபீல்டு வேலை. இப்போதெல்லாம் மக்களைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. எனக்கு இந்த வேலைக்கான தகுதி இல்லையோ?
– வாசகி, நாகப்பட்டினம்

தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தீராத அயர்ச்சி, வேலையின் மேல் வெறுப்பு, செய்வதெல்லாம் வீண் என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை, வேலைச் சூழல் சார்ந்த நிலையாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. மனவுறுதியை வளர்த்துக்கொள் என்று உங்களிடம் சொல்கிறவர்கள், எத்தனை கிராமத்தை உங்கள் ஒருவர் தலையில் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் தினமும் வேலை நேரத்தைக் குறித்து வாருங்கள்: கிராமத்தில் எத்தனை மணி, பயணத்தில் எத்தனை, அறிக்கைக்கு எத்தனை, இரவு எட்டு மணிக்குப் பிறகு வந்த அழைப்புகள் எத்தனை. அந்தத் தாளோடு மேலாளரிடம் போய், இரண்டு கிராமத்தைக் குறைக்கவோ அறிக்கையை வேறொருவருக்கு மாற்றவோ கேளுங்கள். "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றால் ஆறுதல் மட்டும் கிடைக்கும். தாளைக் காட்டினால் பேச்சு வேலையைப் பற்றி வரும். சுமை குறைந்தும் எரிச்சல் குறையவில்லை என்றால், நிறுவனத்தின் போக்குதான் உங்களுக்கு ஒத்துவரவில்லை. அப்போது துறையை விடாமல் இடத்தை மாற்றலாம். தூக்கம் கெட்டு, அழுகை வந்தால் காத்திருக்காமல் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

தெரிந்தவர்கள் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் ஒருவரையும் தெரியாது.
– வாசகர், ஓசூர்

நெருங்கியவர்களை விட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களே வேலைச் செய்தியைக் கொண்டுவருகிறார்கள் என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இலேயே எழுதினார். நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்பதே காரணம். ஆகவே பழைய கல்லூரி சீனியர், ரத்த தான முகாமில் பார்த்தவர் என்று வாரத்துக்கு இரண்டு பேருக்கு எழுதுங்கள். வேலை கேட்காதீர்கள். "வணக்கம் சார், கிருஷ்ணகிரி பக்கம் நீர்நிலை வேலையில் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். புதிதாகச் சேருகிறவர் முதல் வருடத்தில் என்ன வேலை செய்வார் என்று தெரிந்துகொள்ள 15 நிமிடம் பேச முடியுமா? ஞாயிறு காலை உங்களுக்கு வசதிப்படுமா?" போதும். பேசி முடித்ததும், "இன்னும் யாரிடம் பேசலாம் சார்?" என்று ஒரு பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று ஒரு மாதம் கழித்து இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. அடுத்த முறை ஓர் இடம் காலியாகும்போது அவருக்கு உங்கள் ஞாபகம் வர அது உதவும்.